அச்சத்திற்கு ஓர் இடம்: கவனம் பெறாத திகில் படங்களும் புதினங்களும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஐந்தாவதாக அச்சத்தை வைக்கிறது. அது தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கையும் சுட்டுகிறது. நகையையும் அழுகையையும் உவகையையும் பற்றி நம் துறைகளில் எழுதப்பெற்ற அளவிற்கு அச்சத்தைப் பற்றி எழுதப்பெறவில்லை. பெருமிதத்திற்குப் புறநானூறு முழுவதும் துணை நிற்கிறது. வெகுளிக்குக் கண்ணகி ஒருத்தி போதும். அச்சமோ இலக்கணத்தில் இடம் பெற்றும் திறனாய்வில் இடம் பெறாத மெய்ப்பாடாகவே இருந்து வருகிறது. இக்காலத்தில் அச்சத்தையே தலைமைச் சுவையாகக் கொண்டு எழும் திரைப்படங்களும் புதினங்களும் ஆய்வுத் தகுதியற்ற கேளிக்கைகள் என ஒதுக்கப்படுவதற்கு இப்புறக்கணிப்பும் ஒரு காரணம் எனலாம்.

ஒதுக்குவோர் இரு திறத்தினர். பேய் என்பது மூடநம்பிக்கை. அதைக் காட்டும் படைப்பு பிற்போக்கானது என்பது ஒரு சாரார் கருத்து. பேய்ப் படமும் பேய்க் கதையும் வணிகச் சரக்கு; அவற்றில் கலை இல்லை என்பது மற்றொரு சாரார் கருத்து. முன்னவருக்குக் கலிங்கத்துப்பரணியை நினைவூட்டலாம். செயங்கொண்டார் பேய்களை நம்பினாரா என்று எவரும் கேட்பதில்லை. அவை என்ன செய்கின்றன என்றே கேட்கிறோம். பின்னவருக்கு விடை கூற வேண்டுமாயின் படைப்புகளையே எடுத்துக் காட்ட வேண்டும். தமிழ், இந்தி, மலையாளத் திரைப்படங்கள் சிலவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த இரு புதினங்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றுள் சில மக்களிடம் வரவேற்புப் பெற்றவை. சில அதுவும் பெறாதவை. திறனாய்வாளரின் கவனத்தை உரிய அளவில் பெறாதவை என்பதே தமிழ்ப் படங்கள் இரண்டிற்கும் உள்ள பொதுமை.

அறிவழகன் இயக்கிய 'ஈரம்' (2009) முதலில் கருதத்தக்கது. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ரம்யா என்னும் இளம் மனைவி குளியல் தொட்டியில் இறந்து கிடக்கிறாள். விசாரணைக்கு வரும் காவல் அதிகாரி ஒருகாலத்தில் அவளைக் காதலித்தவன். தற்கொலை என்று முடிக்கப்பட இருந்த வழக்கு கொலை என்று தெரிகிறது. கொன்றவன் அவள்மீது ஐயங்கொண்ட கணவன். ஆனால் அந்த ஐயத்தை வளர்த்தவர்கள் பக்கத்து வீட்டார். ஆளுக்கொரு சொல், ஆளுக்கொரு பார்வை, ஆளுக்கொரு கற்பனை. அவள் உயிர் பிரிந்த நீரே அவளுக்கு வழியாகிறது. மழையாகவும் குழாய்நீராகவும் தரையில் தேங்கும் ஈரமாகவும் அவள் திரும்பி வருகிறாள்.

இப்படத்தைக் காணும் தமிழ் மாணவருக்குப் பழையனூர் நீலி நினைவுக்கு வராமல் இராது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, அவன் மறுபிறவியில் அவனைத் தேடி வந்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர்ச் சபையின்முன் அவன் தன் கணவன் என்று வழக்கிடுகிறாள். வேளாளர் எழுபதின்மர் அவளை நம்பி அவனை அவளிடம் ஒப்படைக்கின்றனர். அவன் கொல்லப்படுகிறான், சொன்ன சொல்லுக்காக எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். நீலி கதையின் நடுவில் இருப்பது பேயன்று, சபை. ஊர் கூடிச் சொல்லும் சொல்லின் வலிமையும் அதன் பொறுப்புமே அக்கதையின் பொருள்.

'ஈரம்' இந்தச் சபையை அடுக்குமாடிக்கு மாற்றுகிறது. ஆனால் நிகழ்ச்சி வரிசையைத் தலைகீழாக்குகிறது. நீலி கதையில் பேய் பொய் சொல்கிறது. ஊர் அதை நம்புகிறது. 'ஈரம்' படத்தில் ஊர் பொய் சொல்கிறது. அதனால் பேய் பிறக்கிறது. பழையனூர் வேளாளர் தம் சொல்லுக்குத் தாமே பிணை நின்றனர். அடுக்குமாடியில் வாழ்வோர் தாம் சொன்னதை மறந்து அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுகின்றனர். சொல்லுக்குப் பிணை நிற்க ஆளில்லாத ஊரில் அந்தப் பிணையைப் பேய் வந்து வசூலிக்கிறது. இதனை இயக்குநர் எண்ணிச் செய்தாரா என்பது நமக்கு வேண்டாத வினா. கதைமரபு ஒன்று தன் களத்தை மாற்றிக்கொண்டு தொடர்கிறது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவு குடியிருப்பின் சுவர்களையே நனைந்தவைபோல் காட்டுகிறது. படத்தின் பின்பகுதியில் விளக்கக் காட்சிகள் நீண்டுவிடுகின்றன என்பது உண்மை. அதுவரை கண்ணால் கண்டு அஞ்சியதைப் பிறகு காதால் கேட்டு அறிகிறோம். அச்சம் அங்கே தளர்ந்துவிடுகிறது.

பேயின் மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிப்பவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது. பாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) மலையாளப் படத்தில் தறவாட்டின் பூட்டிய அறையில் வாழும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி. கங்கா தன்னிலை மறந்து பேசும்போது பேசுவது தமிழ். மலையாளப் பார்வையாளருக்குத் தமிழே அங்கு அணங்காகிறது. அதே கதை 'சந்திரமுகி' (2005) ஆகத் தமிழுக்கு வந்தபோது பேய் தெலுங்கு பேசியது. இந்தியில் 'பூல் புலையா' (2007) ஆனபோது வங்காளம் பேசியது. ஒவ்வொரு மொழியும் தன் பேயைப் பிற மொழி ஒன்றில் பேச வைக்கிறது. ஓரளவு புரிந்தும் முழுதும் புரியாத மொழியே அச்சத்திற்கு ஏற்றது போலும். முற்றிலும் அறியாத மொழி வெறும் ஒலி, அது அச்சுறுத்துவதில்லை. ஒப்பிலக்கியத் துறையினர் இதனை விரித்து ஆராயலாம்.

'மணிச்சித்திரத்தாழ்' மரபில் வந்த படங்களின் முடிவு மருத்துவ விளக்கம். பேய் என்பது பிளவுண்ட மனம் என்று ஐயம் தீர்க்கப்படுகிறது. இந்தத் தீர்ப்பு நம் அறிவுக்கு நிறைவு தருவது. கலைக்கு எப்போதும் நிறைவு தருவதாகச் சொல்ல இயலாது. மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி' (1967) புதினம் இவ்வகையில் மேலான நெறியைக் கண்டது. ஆய்வுக்கூட விபத்தில் முகம் சிதைந்த கல்லூரி ஆசிரியன் ஒருவன், தன்னை விரும்பி வந்த அழகியை யட்சி என்று ஐயுறுகிறான். சிதைந்த முகத்தை ஒரு பெண் விரும்பக்கூடும் என்று நம்ப முடியாதவன் அவளை அணங்கு என்று நம்புவது எளிதாகிறது. அவள் யட்சியா இல்லையா என்பதைவிட, அன்பை நம்ப இயலாமையே பெரிய அச்சம் என்பதைப் புதினம் உணர்த்துகிறது. கே. எஸ். சேதுமாதவன் இதனை 1968இல் திரைப்படமாக்கினார். தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் ஐயத்தைத் தீர்க்காமலே விட்டது. நம் சிறுகதை முன்னோடி 1943இலேயே எட்டிய இந்நிலையைத் தமிழ்த் திரைப்படம் எட்டப் பல்லாண்டுகள் ஆயின.

வெளிவந்தபோதும் பின்னரும் போதிய கவனம் பெறாத படம் நாகா இயக்கிய 'ஆனந்தபுரத்து வீடு' (2010). 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடர் வாயிலாக இந்திரா சௌந்தர்ராஜனின் கதையுலகை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் இவ்வியக்குநர். அத்தொடரின் 'விடாது கருப்பு' பகுதி, நிகழும் கொலைகள் தெய்வத்தின் தண்டனையா மனிதனின் செயலா என்ற ஐயத்தை வாரக்கணக்கில் இழுத்துச் சென்றது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தோடு அன்றைய தொலைக்காட்சிச் சுவை முடிந்துவிட்டதாக எண்ணுவோர் அத்தொடரை ஒருமுறை பார்த்தல் நலம். 'ஆனந்தபுரத்து வீடு' அதைவிட மெல்லிய குரலுடையது. தொழிலில் கடன்பட்ட ஒருவன் மனைவியோடும் பேச இயலாத மகனோடும் பூர்வீக வீட்டிற்கு வருகிறான். வீட்டில் பொருள்கள் தாமே நகர்கின்றன, யாரோ இருக்கிறார்கள். இருப்பவர்கள் விபத்தில் இறந்த அவனுடைய பெற்றோர். அவர்களை முதலில் அறிந்து நட்புக் கொள்பவன் பேச இயலாத சிறுவன். கடன் கொடுத்தவர்கள் தேடி வந்து குடும்பத்தை அதே வீட்டில் சிறைவைக்கும்போது கதை திரும்புகிறது.

அணங்கையும் கள்வரையும் ஒரே வீட்டில் அடைத்து, யாரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று இப்படம் கேட்கிறது. மெய்ப்பாட்டியலின் கள்வர் என்னும் சொல்லுக்குத் தீத்தொழில் புரிவார் என்பது உரைகாரர் தரும் பொருள். கொடுங்கடன்காரரை அதில் அடக்குவதில் இழுக்கில்லை. இல்வாழ்வான் ஓம்ப வேண்டியவருள் தென்புலத்தாரை முதலில் வைத்தவர் வள்ளுவர். இங்குத் தென்புலத்தார் இல்வாழ்வானை ஓம்புகின்றனர். பேய்ப் படம் என்று சுவரொட்டி பார்த்துச் சென்றவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். முதற்பகுதியில் அச்சமாகத் தோன்றுவது பிற்பகுதியில் ஆறுதலாக மாறுகிறது. அதே கதவு, அதே ஓசை, அதே நிழல். ஒரே குறிப்பு இரு மெய்ப்பாடுகளுக்கு நிலைக்களனாவதை வகுப்பில் விளக்க இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தீயவர்களைத் தீட்டியதில் நுண்மை போதாது. கணினி வரைகலையும் இன்று பார்க்கப் பழையதாகத் தெரிகிறது. இருப்பினும் இப்படத்தை மறந்தது நமக்கே இழப்பு.

அச்சத்தோடு நகையைக் கலக்கும் 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) வகைப் படங்களைக் குறைகூறுவதும் இன்று வழக்கமாகியுள்ளது. கலப்பே குற்றம் என்பது ஏற்கத்தக்கதன்று. பரணியில் பேய்கள் கூழ் அடும் காட்சியில் நகையும் இளிவரலும் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன. குறை கலப்பில் இல்லை, அளவில் உள்ளது. இதற்குமேல் அவ்வகைப் படங்களைப் பற்றி இங்குக் கூற வேண்டுவதில்லை.

இளிவரலைக் கொண்டு அச்சத்தை வளர்த்த படம் ராகி அனில் பர்வே இயக்கிய இந்திப் படமான 'தும்பாட்' (2018). மராத்தியில் திகில் கதைகளை எழுதிக் குவித்த நாராயண் தாரப்பின் கதையுலகிலிருந்து தூண்டுதல் பெற்றது. தாரப் மராத்தித் திறனாய்வில் பெற்ற இடம் அவர் பெற்ற வாசகர் கூட்டத்திற்கு ஈடானதன்று. இவ்வகையில் நம் பி. டி. சாமியின் நிலையோடு ஒப்பிடத்தக்கவர். செல்வத்தின் தேவிக்கு முதற்பிள்ளை ஹஸ்தர். பொன்னைப் பெற்றான், உணவைப் பெற முயன்றபோது தடுக்கப்பட்டான். அவனை எவரும் வழிபடலாகாது என்ற உறுதியின்மேல் தாய் அவனைத் தன் கருவறையில் ஒளித்தாள். அவனிடமிருந்து பொன்காசைத் திருடும் ஒரு குடும்பத்தின் கதை 1918இல் தொடங்கி 1947க்குப் பின் முடிகிறது. அவனால் தீண்டப்பட்ட பாட்டி சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் சங்கிலியில் கிடக்கிறாள். இளிவரலின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறும் மூப்பு, பிணி, வருத்தம் ஆகிய மூன்றும் அந்த உடலில் ஒருங்கே உள்ளன. நாட்டின் வரலாறு வெளியே நடக்க, உள்ளே தந்தை மகனுக்குத் திருடக் கற்றுத் தருகிறான். மன்னராட்சி போய் மக்களாட்சி வருகிறது. பேராசைக்குப் பட்டா மாறவில்லை. முதல் வெளியீட்டில் அளவாகவே ஓடிய இப்படம் 2024 செப்டம்பரில் மீண்டும் திரையிடப்பட்டபோது முன்னைவிட மிகுதியாக வசூலித்தது. பார்வையாளர் ஆறாண்டுகளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். நாம் மாற்றிக்கொள்ள இன்னும் எத்தனை ஆண்டுகளோ.

இனிப் புதினங்கள். ஆங்கில வாயிலாகவே எனக்குக் கிடைத்தவை இவை. அமெரிக்கப் பழங்குடிகளுள் பிளாக்ஃபீட் இனத்தவரான ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸ் எழுதிய 'தி ஒன்லி குட் இண்டியன்ஸ்' (2020) விலங்கை அச்சத்தின் நிலைக்களனாகக் கொண்டது. எனினும் அரிமாவும் புலியும் அல்ல. எல்க் என்னும் பெருமான் இனத்துப் பெண் ஒன்று. இளைஞர் நால்வர், பெரியோருக்கென ஒதுக்கப்பட்ட வேட்டை நிலத்தில் நுழைந்து மான்கூட்டத்தைச் சுட்டுத் தள்ளுகின்றனர். அவற்றுள் ஒன்று சூல்கொண்டது. பத்தாண்டுகளுக்குப் பின் அது பெண்ணுருக்கொண்டு ஒவ்வொருவரையும் தேடி வருகிறது. அந்த மானின் நோக்கில் சொல்லப்படும் பகுதிகளில் ஆசிரியர் 'நீ' என்று முன்னிலையில் எழுதுகிறார். படிப்பவர் வேட்டையாடப்பட்டவரின் உடலுக்குள் நிற்க நேர்கிறது. இரங்குவதா அஞ்சுவதா என்று தெரியாத நிலை அது.

இப்புதினத்தைப் படிக்கும்போது திருவாரூர்ப் பசு என் நினைவுக்கு வந்தது. மனுநீதிச் சோழன் வாயிலில் கன்றை இழந்த பசு அசைக்க ஒரு மணி இருந்தது. மணியோசைக்கு எழுந்து வர ஒரு மன்னன் இருந்தான். சேக்கிழார் சொல்லும் அந்த வரலாற்றில் அச்சம் இல்லை. அவலமும் பெருமிதமுமே உண்டு. கன்றை இழந்த எல்க் மானுக்கு மணி இல்லை. மன்னனும் இல்லை. ஆதலின் அது பேயாக வேண்டியிருக்கிறது. முறையிட வாயில் இருந்தால் கண்ணகிபோல் வழக்குரைக்கலாம். வாயில் அடைபட்டால் நீலியாகவோ ரம்யாவாகவோ வர வேண்டும். திகில் இலக்கியத்தின் பெரும்பகுதியை இவ்வாறு வாயில் மறுக்கப்பட்ட முறையீடாகப் படிக்க இயலும் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் இதில் அடக்க முடியாது. 'தும்பாட்' இதற்கு அடங்குவதில்லை. 'ஆனந்தபுரத்து வீடு' இதற்கு எதிரானது.

ஜோன்ஸின் புதினத்தில் பழி தலைமுறை கடந்து செல்கிறது. நால்வருள் ஒருவனின் மகள், கூடைப்பந்து ஆடும் பள்ளிச் சிறுமி, இறுதியில் துரத்தப்படுகிறாள். அம்மானைச் சுட உயர்ந்த துப்பாக்கிக்கும் மானுக்கும் இடையில் அவளே நிற்கிறாள். தந்தையர் சுட்டதை மகள் தடுக்கிறாள். பழங்குடி மக்களை அழித்த துப்பாக்கியின் வரலாறு அந்நாட்டில் எத்தகையது என்பதை அறிந்தோர்க்கு இக்காட்சியின் கனம் விளங்கும். அவ்வின மக்களைக் கொன்றோர் வழங்கிய கொடிய பழமொழி ஒன்றின் துணுக்கே புதினத்தின் தலைப்பு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மற்றொன்று அர்ஜென்டீனாவின் மரியானா என்ரிகெஸ் இசுபானிய மொழியில் எழுதியது. 2019இல் எர்ரால்தே பரிசு பெற்றது. மேகன் மெக்டவல் ஆங்கிலத்தில் 'அவர் ஷேர் ஆஃப் நைட்' என்று பெயர்த்துள்ளார். அந்நாட்டில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் பல்லாயிரவர் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். புதினம் 1981இல் தொடங்குகிறது. ஹுவான் என்னும் நோயாளித் தந்தை தன் சிறு மகன் காஸ்பரோடு வடக்கு நோக்கிக் காரில் செல்கிறான். ஹுவான் ஒரு மரபின் சாமியாடி. இருள் என்னும் தெய்வம் அவன் உடலில் இறங்கும். அதை வழிபடுவோர் நிலமும் பணமும் ஆட்சியாளரின் துணையும் உடைய பெருங்குடும்பத்தினர். அவர்களுக்கு வேண்டுவது சாவாமை. அதற்கு வேண்டுவது பிறருடைய உடல்கள். இருள் வரும்போது அருகில் நிற்பவரின் கையையோ உடலையோ உண்டுவிடுகிறது. உண்ணப்பட்டவர் அதைப் பேறாகக் கருதுகின்றனர்.

ஆட்சி மனிதரை விழுங்குகிறது, தெய்வமும் விழுங்குகிறது. ஒன்று மற்றொன்றின் உருவகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பலர் அவ்வாறு படிக்கவும் கூடும். அப்படிப் படித்தால் இருள் பொய்யாகி, அரசியல் மட்டும் மெய்யாகிவிடும். என்ரிகெஸ் அதற்கு இடம் தருவதில்லை. இருள் அக்கதையில் உண்மையாகவே உண்டு; இராணுவமும் உண்டு. செல்வர் தம் பலிகளைத் தேடிக்கொள்ள, மனிதர் காணாமற் போகும் காலம் வசதியாக அமைகிறது. அணங்கும் இறையும் ஒன்றற்கொன்று குறியீடாகாமல் ஒன்றற்கொன்று துணையாகின்றன. தொல்காப்பியம் நான்கையும் தனித்தனியே எண்ணியதன் பொருத்தம் எனக்கு இங்கேதான் விளங்கியது. நாட்டார் கதைகளில் வரும் பேயைச் சாதிக்கோ வறுமைக்கோ குறியீடு என்று மட்டும் படித்து முடித்துவிடும் நம் ஆய்வேடுகளுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு.

இறை என்பதற்கு அரசனோடு தந்தையையும் ஆசிரியரையும் சேர்த்து உரை கண்டவர் பேராசிரியர். என்ரிகெஸின் புதினத்தில் அச்சத்தின் உச்சம் இருளின் சடங்குகளில் இல்லை. தந்தை மகனிடம் நடந்துகொள்ளும் முறையில் உள்ளது. அப்பெருங்குடும்பத்தார் மகனைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக ஹுவான் அவன் கையைக் கண்ணாடித் துண்டால் ஆழமாகக் கிழித்து ஒரு குறியிடுகிறான். காரணத்தைச் சொல்வதில்லை, சொன்னால் குறி பயனற்றுப் போகும். காஸ்பர் அந்தத் தழும்போடு வளர்கிறான். தன்னைக் காத்தவனைக் கொடியவன் என்றே பல்லாண்டுகள் எண்ணுகிறான். தழும்பைப் பார்த்தவர்கள் எப்படி வந்தது என்று கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் சொல்ல விடை இருப்பதில்லை.